ஆற்றோடு விளையாட ஆசையா?

"இந்த வருஷம் குற்றாலத்துக்குப் போகலாமா?" என்று வீட்டில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிட்டால் போதும். அப்புறம் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே இருக்காது. டிக்கெட் வாங்குவது யார், இட்லி எத்தனை, மிளகாய்ப்பொடி எவ்வளவு, பாட்டியை அழைத்துப் போவதா வேண்டாமா என்று வீடு அமர்க்களப்படும். கடைசியில் பாட்டிதான் முதலில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பாள்!

இது காலங்காலமாக நடந்துவருகிற வைபவம். ஆனால் சமீப காலமாக இந்தப் பேச்சின் நடுவில் ஒரு புதுக் கேள்வியும் புகுந்திருக்கிறது. காலேஜில் படிக்கும் பிள்ளை கைப்பேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டுகிறான். நுரை கக்கிப் பாயும் கங்கை. நடுவிலே ஒரு ரப்பர் படகு. அதில் தலைக்குக் கவசமும் ஆரஞ்சு நிறச் சட்டையும் அணிந்த ஏழெட்டுப் பேர் கூக்குரலிட்டபடி துடுப்புப் போடுகிறார்கள். "அம்மா, இது ரிஷிகேசம். இதே மாதிரி நம் குற்றாலத்தில் ஏன் இல்லை? அங்கே தண்ணீர் இல்லையா, பாறை இல்லையா?" என்று கேட்கிறான்.

நியாயமான கேள்விதான். "போடா, உனக்கு வேறு வேலையில்லை!" என்று வாயை அடைப்பதைவிட, அவனுக்குச் சரியான பதிலைச் சொல்வது நல்லது. அந்தப் பதில் தெரிந்திருந்தால், குற்றாலத்துக்குப் போகிற உங்கள் குடும்பத்தின் உயிருக்கே அது காப்பாக அமையும்.

ரப்பர் படகின் ரகசியம்

முதலில் அந்தப் படகைப் பார்ப்போம். காற்றடைத்த கனமான ரப்பர்க் குழாய்களால் ஆனது அது. பாறையில் மோதினால் மரப் படகு பிளந்துவிடும். இது பந்து போல் துள்ளித் திரும்பும். குழாய்க்குள்ளே தனித்தனி அறைகள் உண்டு. ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்ற அறைகள் படகை மிதக்க வைக்கும். இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபிறகு, ராணுவத்தில் மிஞ்சிப்போன ரப்பர்ப் படகுகளை அமெரிக்கர்கள் வாங்கி, கொலராடோ போன்ற மலையாறுகளில் விட்டு விளையாடத் தொடங்கினார்கள். அந்த விளையாட்டு மெள்ள மெள்ள உலகம் முழுவதும் பரவியது. ஒருவரோ இருவரோ உட்கார்ந்து போகும் சிறு படகுக்குக் கயாக் என்று பெயர். அதிலும் காற்றடைத்த ரகம் இப்போது வந்திருக்கிறது.

குளிர் நாடுகளில் இந்த விளையாட்டுக்கு வசந்த காலம் விசேஷம். மலையில் உறைந்த பனி வெயில் பட்டு உருகி, ஆறுகள் நிரம்பி ஓடும் சமயம் அது. நம் நாட்டில் ரிஷிகேசத்துக்கு மேலே கௌடியாலா, பியாஸி, சிவபுரி ஆகிய இடங்களிலிருந்து படகுகள் புறப்படுகின்றன. வழியிலே பாறைகளுக்கிடையில் நீர் கொந்தளிக்கும் இடங்களுக்கெல்லாம் ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று வேடிக்கையான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் தாண்டேலியில் காளி நதியிலும், குடகில் பாரபோளே நதியிலும் இந்த விளையாட்டு உண்டு.

கொந்தளிப்பை 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். 1 என்றால் குழந்தைகூடப் பயப்படாத சிற்றலை. 6 என்றால் பெரிய நிபுணர்களே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போகும் இடம். இதிலே கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், மழை வலுத்துக் கங்கை பெருகும் சமயத்தில், ரிஷிகேசத்தில் இந்தப் படகுகளை நிறுத்திவிடுகிறார்கள். வருஷம் முழுவதும் ஆற்றிலேயே பிழைப்பு நடத்துகிறவர்கள், ஆறு கோபம் கொண்டால் கரையேறி விடுகிறார்கள்! நாம் மட்டும் குற்றாலத்தில் "ரயில் ஏறி இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, ஒரே ஒரு முங்கு!" என்று காவலரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கிறோம்.

நம் பரிசலும் லேசுப்பட்டதல்ல

இந்த ரப்பர் படகைப் பார்த்து நாம் வாயைப் பிளக்கவேண்டியதே இல்லை. நம்மிடம் அதற்கு முன்பே பரிசல் இருக்கிறது. ஒகேனக்கல்லுக்குப் போனவர்களுக்குத் தெரியும். மூங்கிலை வட்டமாகப் பின்னி, அடிப்பாகத்தில் முற்காலத்தில் தோலைப் போர்த்தினார்கள். இப்போது தார் பூசிய துணியோ பிளாஸ்டிக்கோ போர்த்துகிறார்கள். முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதமே இல்லாத தட்டையான கூடை அது. பாறை தட்டினால் வளைந்து கொடுக்கும். ஒரே ஒரு துடுப்பை வைத்துக்கொண்டு பரிசல்காரர் காவிரியின் சுழல்களுக்கு நடுவே அதைச் செலுத்தும் சாமர்த்தியத்துக்கு எந்த ரப்பர் படகும் ஈடாகாது.

அங்கும் நிபந்தனை உண்டு. கர்நாடகத்திலிருந்து வரும் நீரை எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். வரத்து அதிகரித்தால் பரிசல் போக்குவரத்துக்குத் தடை விதித்துவிடுவார்கள். பத்திரிகையில் "வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி" என்று படிக்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அதாவது நம் வீட்டுக் குடத்தில் ஏறத்தாழ இரண்டு குடம். 10,000 கன அடி என்றால், ஒரு வினாடியில், நீங்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள், 20,000 குடம் தண்ணீர் உங்களைத் தாண்டிப் போகிறது! மனத்தில் இந்தக் கணக்கு இருந்தால் ஆற்றிடம் தானாகவே மரியாதை வந்துவிடும்.

சிற்றாற்றில் ஏன் முடியாது?

சரி, குற்றாலத்துக்கு வருவோம். திரிகூட மலையில் பிறக்கும் சிற்றாறு, குற்றாலத்தில் பேரருவியாக விழுந்து, தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியோடு கலக்கிறது. மொத்த நீளமே ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். பெயரிலேயே "சிறு" இருக்கிறது பாருங்கள்!

படகு விளையாட்டுக்கு வேண்டியது, பல மைல் தூரத்துக்குச் சாய்வாக இறங்கி, ஆழமும் அகலமும் குறையாமல் ஓடும் ஆறு. சிற்றாறு அப்படிப்பட்டதல்ல. மலையில் இருக்கும்வரை அது படிப்படியாகக் குதிக்கிறது: மேலே தேனருவி, அதற்குக் கீழே செண்பகாதேவி அருவி, அதற்கும் கீழே பேரருவி. பேரருவி மட்டும் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். அங்கே படகை விட்டால், அப்புறம் அதில் இருப்பவர்களுக்கு வேண்டியது துடுப்பு அல்ல, சிறகு! சமவெளிக்கு வந்ததும் ஆறு சாதுவாகி, வயலுக்கும் குளத்துக்கும் நீரைக் கொடுத்துவிட்டு, பெரும்பாலான மாதங்களில் மெலிந்து கிடக்கிறது. படகு போகும் ஆழமே இராது.

ஆகவே உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள்: "தம்பி, குற்றாலத்து நீர் தலையில் வாங்கிக்கொள்ள ஏற்பட்டது. அதன்மேல் ஏறிச் சவாரி செய்ய ஏற்பட்டதல்ல." லாரி டியூபில் காற்றடித்துக்கொண்டு அருவிக்குக் கீழே உள்ள ஓடையில் மிதக்கலாம் என்று வாலிபர்களுக்குத் தோன்றலாம். கிணற்றிலும் குளத்திலும் நீச்சல் பழக அந்த டியூப் உதவும். ஓடும் நீரில் அதைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

சாரலின் மகிமை

குற்றாலத்தின் விசேஷம் வேறு விதமானது. தென்மேற்குப் பருவக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மழையையெல்லாம் கேரளத்தில் கொட்டிவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு மிஞ்சுவது வறண்ட காற்றுத்தான். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு கணவாயில், மலைச் சுவர் சற்றுத் தாழ்ந்து வழி விடுகிறது. அந்த ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்றும் பூந்தூறலும் உள்ளே நுழைகின்றன. அதுதான் சாரல். மதுரையிலே ஆனி, ஆடி வெயில் மண்டையைப் பிளக்கும்போது தென்காசியில் போர்வை தேடுகிறார்கள்!

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஸீசன். கடைவீதியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும். குற்றாலநாதர் கோயிலையும், நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபையையும் தரிசிக்கலாம். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் இந்த ஊரில் வாழ்ந்தபோது, ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கே வந்திருக்கிறார்கள். அருவியில் குளித்துவிட்டு வந்து கவிதை பேசினால் எந்தப் பாட்டுத்தான் இனிக்காது?

பேரருவியின் உச்சியிலிருந்து வரும் நீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாகடல் என்ற ஆழமான பாறைக் குழியில் விழுந்து, அங்கே பொங்கி, வேகம் தணிந்து, பிறகுதான் கீழே இறங்குகிறது. அந்தக் குழி இல்லாவிட்டால் அருவியின் கீழே ஒருவரும் நிற்க முடியாது. இயற்கை நமக்காகச் செய்துவைத்த உபகாரம் அது. ஆனால் அந்த உபகாரத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது. வெள்ளம் வந்துவிட்டால் பொங்குமாகடலும் கைவிட்டுவிடும்.

வெயில் காலத்தில் வந்த வெள்ளம்

2024-ஆம் வருஷம் மே மாதம் 17-ஆம் தேதி. நம் கணக்குப்படி வைகாசி பிறந்து நாலே நாள், இளவேனில் காலம். சாதாரணமாக அந்தச் சமயத்தில் குற்றாலத்து அருவிகள் வெறும் பாறையாகக் காய்ந்து கிடக்கும். அந்த ஆண்டு கோடை மழை பெய்ததால் தண்ணீர் விழுந்தது. பள்ளிக்கூட விடுமுறை வேறு. பழைய குற்றாலத்தில் குழந்தைகளும் பெரியவர்களுமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

பிற்பகலில் திடீரென்று வெள்ளம் வந்தது. அலறிக்கொண்டு படிகளில் ஏறி ஓடினார்கள். சுற்றத்தாரோடு வந்திருந்த 17 வயது மாணவன் ஒருவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தேடியவர்களுக்கு அவனுடைய உடல்தான் கிடைத்தது. அதன்பிறகு எல்லா அருவிகளிலும் சில நாட்களுக்குக் குளிக்கத் தடை விதித்தார்கள்.

அதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் பேரருவியில் திடீர் வெள்ளம் வந்தபோது இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். அதே வருஷம் டிசம்பர் கடைசியில் பழைய குற்றாலத்தில் நாலு வயதுப் பெண் குழந்தை நீரில் இழுத்துச் செல்லப்பட்டாள். நல்ல வேளையாக, அங்கிருந்த ஒரு வாலிபர் உடனே குதித்து அந்தக் குழந்தையை உயிரோடு மீட்டார்.

இந்தத் தேதிகளைப் பாருங்கள். மே, ஆகஸ்டு, டிசம்பர். ஒன்று கோடை, ஒன்று ஸீசன், ஒன்று ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாகக் குற்றாலத்தில் நீராடும் காலம். "ஸீசன் இல்லையே, தண்ணீர் குறைவுதானே!" என்று எந்த மாதத்திலும் அசட்டையாக இருக்க முடியாது.

வெயில் அடிக்கும்போது வெள்ளம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். நீங்கள் நிற்பது அடிவாரத்தில்; மழை பெய்வது மலையுச்சியில். மேகம் அங்கேயே நின்று கொட்டும். உங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கும். மலையோ செங்குத்தான பாறை. சமவெளியில் மழை பெய்தால் மண் குடிக்கும், குளம் குடிக்கும். பாறை எதைக் குடிக்கும்? பத்து ஓடைகளில் இறங்கும் நீர் ஒரே ஓடையில் கூடி, ஒரே மூச்சில் அருவிக்கு வந்துவிடுகிறது.

தண்ணீரின் பலம்

"முழங்கால் ஆழம்தானே! எனக்கு நீச்சல் தெரியுமே!" என்று சொல்லும் வீரர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சின்னக் கணக்குச் சொல்லலாம். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு தொட்டித் தண்ணீர் 1,000 கிலோ எடை. வெள்ளத்தில் அப்படிப்பட்ட தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதுகின்றன. அத்துடன், நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் இரண்டு மடங்கு ஆவதில்லை; நான்கு மடங்கு ஆகிறது. மூன்று மடங்கு வேகமென்றால் ஒன்பது மடங்கு பலம்! வேகமாகப் பாயும் நீர் அரை அடி ஆழம் இருந்தாலே வளர்ந்த மனிதரைக் கவிழ்த்துவிடும். வழுக்குப் பாறைமேல் நிற்பவர் கதியைச் சொல்லவே வேண்டாம். அங்கே நீச்சல் எதற்கு உதவும்? தலை பாறையில் மோதிய பிறகு நீந்துவது ஏது?

அருவி சொல்லும் சேதி

ஆறு திடீரென்று வந்தாலும் முன்கூட்டிச் சேதி சொல்லாமல் வருவது அபூர்வம். கவனிக்கிற கண்ணும் காதும் நமக்கு வேண்டும்.

தெளிவாக விழுந்துகொண்டிருந்த நீர் கலங்கிச் செம்மண் நிறமாகிறதா? இலையும் சுள்ளியும் அதிகமாக வருகின்றனவா? அருவியின் ஓசை கனத்து, பேசுவது கேட்காமல் போகிறதா? கணுக்காலில் இருந்த நீர் மெள்ள ஏறுகிறதா? மலைமேல் கருமேகம் கவிந்திருக்கிறதா? இவற்றில் ஒன்றைக் கண்டாலும் போதும். யோசனை செய்யாமல் வெளியே வந்துவிட வேண்டும். பத்து நிமிஷம் கழித்து ஒன்றும் ஆகவில்லையென்றால் நஷ்டம் என்ன? உலர்ந்த தலையை மறுபடி நனைத்துக்கொண்டால் போயிற்று!

பேரருவியில் ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் அடையாளம் ஒன்று உண்டு. குளிக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் வளைவைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் "ஆர்ச்" என்றே சொல்வார்கள். நீர் அந்த ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்தால் வெள்ளம் என்று அர்த்தம். காவலர்கள் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றுவார்கள். அந்த விசிலை, மங்கள வாத்தியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். "இப்போதுதானே எண்ணெய்ப் பிசுக்குப் போயிற்று, இரண்டு நிமிஷம்!" என்று வழக்காட வேண்டாம். எண்ணெய், சோப்பு, ஷாம்பு முதலியவற்றை அருவியில் உபயோகிக்கவே கோர்ட்டார் தடை விதித்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்!

படகுக்காரர்கள் கற்றுத்தரும் பாடம்

ரப்பர் படகு விளையாட்டால் நமக்கு நேரில் பிரயோஜனம் இல்லாவிட்டாலும், அதை நடத்துகிறவர்களிடமிருந்து கற்கவேண்டியது நிறைய உண்டு. படகில் ஏற்றுவதற்கு முன்னால், விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதை அவர்கள் எல்லாருக்கும் பாடம் சொல்லித்தான் ஏற்றுகிறார்கள். அந்தப் பாடம் குற்றாலத்துக்கும் பொருந்தும்.

ஓடும் நீர் ஒருவரை இழுத்துவிட்டால், அவருக்கு முதலில் தோன்றுவது காலை ஊன்றி எழுந்து நிற்க வேண்டும் என்பதுதான். அதுவே பெரிய ஆபத்து. பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொண்டால், பின்னால் வரும் நீர் ஆளை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும். ஆகையால் மல்லாந்து படுத்து, கால்கள் நீர் போகும் திசையை நோக்கி இருக்கும்படி, பாத விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். வருகிற பாறையைக் காலால் உதைத்து விலகலாம். தலைக்குச் சேதம் வராது. நீரை எதிர்த்து நீந்தாமல், கைகளால் தள்ளிக்கொண்டு சாய்வாகக் கரையை நோக்கி ஒதுங்க வேண்டும். பெரிய பாறைக்குப் பின்புறம் நீர் சற்று அமைதியாக இருக்கும். அங்கே தங்கி மூச்சு வாங்கலாம். முழங்காலுக்குக் கீழே ஆழம் என்று தெரிந்தபிறகே எழுந்து நிற்க வேண்டும்.

கரையில் இருப்பவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. தத்தளிப்பவரைக் கண்டதும் பெற்ற மனம் பதைத்துக் குதிக்கத்தான் சொல்லும். நீச்சலும் பயிற்சியும் இல்லாமல் குதித்தால் ஒரு துக்கம் இரண்டாகும். கம்பு இருந்தால் நீட்டுங்கள். கயிறு இருந்தால் வீசுங்கள். மூடிய காலிக் குடமோ பெரிய பிளாஸ்டிக் கேனோ இருந்தால் எறியுங்கள்; அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம்.

மூன்று புடவைகள்

கயிறுக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்களா? அதற்குப் பெரம்பலூர் மாவட்டத்துப் பெண்கள் மூவர் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

2020 ஆகஸ்டு மாதம். கொட்டரை நீர்த்தேக்கத்தில் குளிக்க வந்த வாலிபர்களில் நால்வர் ஆழத்தில் சிக்கிக்கொண்டார்கள். அங்கே துணி துவைத்துக் குளித்துவிட்டுப் புறப்படத் தயாராக இருந்தார்கள் அந்த மூன்று பெண்களும். கூச்சத்துக்கோ யோசனைக்கோ நேரமில்லை. உடுத்தியிருந்த புடவைகளை அவிழ்த்து நீரில் வீசினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இருவர் கரையேறினார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வருஷச் சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அந்த மூன்று பெண்களுக்கும் கல்பனா சாவ்லா விருது வழங்கிக் கௌரவித்தது.

புடவையைப்போல் உறுதியான கயிறு வேறு எது? குற்றாலத்தில் குளிக்கப் போகும் ஒவ்வொரு குடும்பத்திடமும் பையில் நாலைந்து மாற்றுப் புடவைகள் இருக்கின்றன. நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு வீசினால் நேராகப் போய் விழும். வீசுகிறவர் கீழே உட்கார்ந்தோ, படுத்தோ, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளும்படியோ இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நீரின் இழுப்பு அவரையும் சேர்த்துக்கொண்டு போகும்.

கரைக்குக் கொண்டுவந்தபின் நம் ஊரில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மூழ்கியவரைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றுவார்கள்; வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றப் பார்ப்பார்கள். டாக்டர்கள் இதைக் கூடாதென்கிறார்கள். வீணாகும் ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்குச் சேதம். வயிற்றில் உள்ளது மூச்சுக்குழலில் ஏறும் அபாயம் வேறு. சமதரையில் மல்லாத்திப் படுக்க வைத்து, மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு நெஞ்சின் நடுவே 30 முறை அழுத்தி, மறுபடி இரண்டு முறை ஊத வேண்டும். உதவி வரும் வரையில் இப்படியே செய்ய வேண்டும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐக் கூப்பிட்டுவிட வேண்டும். இந்தப் பயிற்சியை முதலுதவி வகுப்பில் சில மணி நேரத்தில் கற்கலாம். சமையல் வகுப்புக்கும் தையல் வகுப்புக்கும் போகிற நாம் இதற்கும் ஒரு நாள் ஒதுக்கினால் என்ன?

புறப்படும் முன்னால்

நீங்கள் குடும்பத் தலைவி. அருவிக்கரையில் நீங்கள்தான் சேனாதிபதி. உங்கள் உத்தரவுகள் இப்படி இருக்கட்டும்:

எல்லாரும் ஒரே சமயத்தில் குளிக்கக் கூடாது. ஒருவர் கரையில் உட்கார்ந்து மலையையும் நீரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது!

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் இருப்பதால், குழந்தை யாரோடு போகிறது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுங்கள். "உங்களோடு இருக்கிறான் என்று நினைத்தேன்", "நான் உன்னோடு என்றல்லவா நினைத்தேன்" என்ற சம்பாஷணை அருவிக்கரையில் நடக்கக் கூடாது.

சின்னக் குழந்தைகளை மடை வாய்க்கும், நீர் வெளியேறும் துவாரத்துக்கும் அருகில் விட வேண்டாம். 2022-ல் அந்த நாலு வயதுக் குழந்தைக்கு நேர்ந்ததை நினைவில் வையுங்கள்.

தளர்ந்த புடவையும் தாவணியும் காலைச் சுற்றும். சுடிதாரோ, இழுத்துச் செருகிய உடையோ நல்லது. விசில் கேட்டதும் துணி, செருப்பு, வளையல் எதையும் எடுக்கத் திரும்பக் கூடாது. பக்கவாட்டில் உயரமான இடத்துக்கு ஏற வேண்டும். நீரோட்டம் போகும் திசையில் ஓடக் கூடாது.

காட்டுக்குள் இருக்கும் தேனருவிக்கும் செண்பகாதேவிக்கும் இஷ்டப்படி போக வனத்துறையார் அனுமதிப்பதில்லை. கூட வரும் வாலிபர்கள், "குறுக்குவழி தெரியும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

படகு ஏறியே தீரவேண்டுமென்றால்?

அதற்கும் குற்றாலத்தில் வழி இருக்கிறது. ஐந்தருவிக்குப் போகும் சாலையில் வெண்ணமடைக் குளம் இருக்கிறது. ஸீசனில் குளம் நிரம்பியதும் அங்கே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தார் படகு விடுகிறார்கள். காலால் மிதிக்கும் படகு, துடுப்புப் படகு இரண்டும் உண்டு. உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, சாரல் முகத்தில் அடிக்க, மலையைப் பார்த்தபடி ஒரு சுற்று வரலாம். பாட்டியையும் ஏற்றலாம், படகு நகரும்வரை வேண்டாம் வேண்டாம் என்பாள், நகர்ந்தபின் இறங்கமாட்டேன் என்பாள்.

நுரைத்துப் பாயும் நீரில்தான் போவேன் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், அவனுடைய ஆசையையும் நாம் கெடுக்க வேண்டாம். பரீட்சை முடிந்ததும், அனுமதி பெற்றவர்கள் நடத்தும் இடமாகப் பார்த்து, தலைக் கவசமும் சட்டையும் கொடுத்துப் பாடம் சொல்லிக் கூட்டிப் போகிறார்களா என்று விசாரித்து அனுப்பி வையுங்கள். இளம் வயதில் ஆற்றோடு விளையாட ஆசைப்படுவது குற்றமல்ல. ஆற்றின் பாஷை தெரியாமல் விளையாடுவதுதான் ஆபத்து.

இந்த வருஷம் குற்றாலத்துக்குப் புறப்படும்போது மிளகாய்ப்பொடி டப்பாவை மறந்தாலும் பரவாயில்லை. பிரானூர் பார்டரில் பரோட்டா கிடைக்கும். மலைமேல் ஒரு கண் வைக்க மட்டும் மறக்காதீர்கள். போகும்போது எத்தனை பேரோ, திரும்பி ரயில் ஏறும்போதும் அத்தனை பேராக, ஈரத் துணி மூட்டையும் மங்குஸ்தான் கூடையுமாக வந்து சேருங்கள்!